நீதிமன்றக் கதவும் சீலிட்ட கவரும்

மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் வராண்டாவில் ஒரு முற்பகல் நின்றால் போதும், டவாலியின் குரல் காதில் விழுந்துவிடும். வழக்காடுபவரின் பெயரை மூன்று முறை உரக்கக் கூவுவார். வெளியே மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர், தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தவர், வேறொரு வழக்கின் வாய்தாவுக்காக வந்து காத்திருப்பவர் என எல்லாருக்கும் இன்னாருடைய வழக்கு இப்போது எடுக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அதை ஆளைத் தேடும் கூவல் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இந்த வழக்கை ஊரறியத்தான் விசாரிக்கிறோம் என்று நீதிமன்றம் அறிவிக்கும் குரலும் அதுவே என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தக் குரலுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-வது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-வது பிரிவும் ஒன்றையே சொல்கின்றன: குற்ற விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், அறை கொள்ளும் அளவுக்குப் பொதுமக்கள் உள்ளே வரலாம். சிவில் வழக்குகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவு அதையே கூறுகிறது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் திறந்த நீதிமன்றத்தில்தான் வழங்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே 145(4)-ல் கட்டளையிடுகிறது. உள்ளே போய் உட்கார வழக்கறிஞராகவோ கட்சிக்காரராகவோ பத்திரிகையாளராகவோ இருக்க வேண்டியதில்லை. இது நம்மில் மிகப் பலருக்குத் தெரியாது. 'உங்களுக்கு இங்கே என்ன வேலை?' என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடுகிறோம்.

அதே 327, அதே 366, கதவை மூடும் அதிகாரத்தையும் நீதிபதியின் கையில் கொடுத்திருக்கின்றன. பொதுமக்கள் அனைவரையுமோ குறிப்பிட்ட ஒருவரையோ விசாரணையின் எந்தக் கட்டத்திலும் அவர் வெளியே இருக்கச் சொல்லலாம். எனவே ஒவ்வொரு நாளும் எங்கேனும் ஒரு நீதிமன்றத்தில் யாரேனும் ஒருவர் 'இந்த வழக்கை வெளியே தெரியாமல் நடத்துங்கள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்தியாவில் ஒரு வழக்குக் கட்டை முழுதாக மறைத்து வைப்பதற்கென்று தனியான பொதுச் சட்டம் இல்லை. பல சட்டங்களில் சிதறிக் கிடக்கும் பிரிவுகளும், நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரமும், காலப்போக்கில் வளர்ந்த பழக்கமும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரியங்கள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. ஊராரை வெளியே நிறுத்திவிட்டு இரு தரப்பையும் விசாரிப்பது ஒன்று. விசாரணையைத் திறந்தே நடத்தி, பெயரை மட்டும் மறைப்பது வேறு. வழக்காடுபவரிடமிருந்தே காகிதத்தை மறைத்து நீதிபதியிடம் மட்டும் காட்டுவது முற்றிலும் வேறு. முதல் இரண்டுக்கும் நியாயமான தேவைகள் இருக்கின்றன. மூன்றாவது, வழக்கு என்ற ஏற்பாட்டின் அடியையே அரித்துவிடக்கூடியது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பேச்சின் இந்திய வரலாறு 1964-ல் பம்பாயில் தொடங்குகிறது. 'பிளிட்ஸ்' வார இதழின் ஆசிரியர் கரஞ்சியா மீது ஒரு தொழிலதிபர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மானநட்ட வழக்குத் தொடுத்திருந்தார். அதில் சாட்சியாக வந்த ஒரு வணிகர், முந்தைய தன் சாட்சியம் செய்தித்தாள்களில் வந்ததால் வியாபாரம் கெட்டுவிட்டது, இனிச் சொல்வது அச்சில் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நீதிபதி தார்குண்டே வாய்மொழியாகவே ஓர் உத்தரவு போட்டார்: இவருடைய சாட்சியத்தை வெளியிடாதீர்கள். அறைக் கதவு திறந்தே இருந்தது, கேட்பவர்கள் கேட்கலாம், ஆனால் எழுதக் கூடாது. நரேஷ் மிரஜ்கர் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் தங்கள் பேச்சுரிமை பறிபோனதாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டு, 1966 மார்ச்சில் தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் இரண்டு முகங்கள் உண்டு. வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும், பொதுமக்களின் பார்வை நீதிபதியின் மனம்போன போக்குக்குக் கடிவாளம் என்று உரத்துச் சொன்னது ஒரு முகம். நீதியே கெட்டுப்போகும் நிலை வந்தால் கதவை மூடவும் வெளியீட்டைத் தடுக்கவும் நீதிமன்றத்துக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு, அந்த நீதித்துறை ஆணை அடிப்படை உரிமையை மீறியதாகாது என்று மனுவைத் தள்ளியது இன்னொரு முகம். ஒன்பது பேரில் ஹிதயதுல்லா ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஒரு வணிகருக்கு வியாபார நட்டம் வரும் என்பதற்காக விசாரணைச் செய்தியை அடைக்கலாமா என்பதுதான் அந்த வழக்கின் உண்மையான கேள்வி. அவருடைய மாறுபட்ட தீர்ப்பு அந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. அறுபது ஆண்டுகள் கழித்து இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது, கொள்கையைப் பெரும்பான்மையும் அதைப் பொருத்த வேண்டிய துணிச்சலை ஹிதயதுல்லாவும் கொடுத்ததாகவே எனக்குப் படுகிறது.

மிரஜ்கர் தீர்ப்பு மூட்டிய ஐயத்துக்கு 2012-ல் ஒரு வரம்பு கிடைத்தது. சஹாரா நிறுவனத்துக்கும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபிக்கும் இடையிலான வழக்கில், நிறுவனம் கொடுக்க முன்வந்த பிணை பற்றிய விவரம் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே ஒரு தொலைக்காட்சியில் வந்துவிட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஒட்டி, செய்தி வெளியிடுவதைக் குறுகிய காலத்துக்குத் தள்ளிப்போட உத்தரவிடலாம், ஆனால் விசாரணையின் நேர்மைக்கு மெய்யான, கணிசமான ஆபத்து இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் மட்டுமே செய்ய வேண்டும் என்றது. ஆக, கேட்டவுடன் கொடுக்கும் உத்தரவாக இது இருக்க முடியாது. கேட்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கும் இங்கே அடித்தளக் கல்லாக இருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடத் திட்டமிட்டது. அதைத் தடுக்கச் சிறைத்துறை முயன்றது. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபர் 7-ல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, ஒருவரின் அந்தரங்கத்தை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்றது. கூடவே, நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்றுவிட்ட செய்தியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் சொன்னது. ஒரே ஒரு விலக்கு கொடுத்தது: பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவளை மேலும் அவமதிக்கக் கூடாது.

அந்த விலக்கின் வழியேதான் கதவை மூடுவதன் நியாயமான பக்கத்துக்குப் போக வேண்டும். 1983-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளின் விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால் இரண்டாண்டு வரை சிறை. குழந்தைகளுக்குப் போக்சோ சட்டத்தின் 37-வது பிரிவு மூடிய அறையைத் தருகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவு கணவன் மனைவி வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. மீறி அச்சிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. இன்றைக்கு அந்த ஆயிரம் ரூபாய் யாரையும் தடுக்காது என்பது வேறு கதை. அலுவல் ரகசியச் சட்டம்கூட 14-வது பிரிவில் அரசுத் தரப்பு கேட்டால் பொதுமக்களை வெளியேற்றலாம் என்று சொல்லிவிட்டு, தண்டனையை மட்டும் எப்படியும் வெளிப்படையாகத்தான் விதிக்க வேண்டும் என்று கைகட்டுகிறது. 1923-ல் காலனி அரசு எழுதிய சட்டத்திலேயே இந்த ஒரு சன்னல் திறந்திருக்கிறது!

மூடிய அறை ஒருவருக்கு என்ன தரும் என்பதைப் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் தமிழ்நாடு கண்டது. 2019-ல் அந்தக் கொடுமை வெளிவந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மறைத்திருக்க வேண்டிய அரசே அதை வெளியே விட்டது. வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையில் பெயர் அச்சாகியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெயர் வெளியானதைக் கண்ட பிற பெண்கள் புகார் கொடுக்க எப்படி முன்வருவார்கள்? பின்னர் கோவை மகளிர் நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில் நடந்தது. 2025 மே 13-ல் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தபோது, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். இத்தகைய வழக்குகளில் சாட்சிகள் எப்படி ஒவ்வொருவராக உதிர்ந்துபோவார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தின் எடை தெரியும். விசாரணை மூடியிருந்தது, தீர்ப்பு ஊரறிய வந்தது. குற்றவாளிகளின் வழக்கறிஞர்கள் உள்ளே இருந்தார்கள், ஒவ்வொரு சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தார்கள். வெளியே நிறுத்தப்பட்டது வேடிக்கை பார்க்க வருபவர்கள்தாம்.

திறக்கக் கூடாததைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல் நிலையத்தில் தன்மீது என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அலைந்த எளியவர்களுக்கு அது பெரிய விடுதலை. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளை ஏற்றக் கூடாது என்ற விலக்கும் அந்த உத்தரவிலேயே இருந்தது. ஆனால் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமை தொடர்பான முதல் தகவல் அறிக்கை வெளியே வந்துவிட்டது. புதிய குற்றவியல் சட்டங்களுக்கு மாறியபோது கணினியில் நேர்ந்த கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் இங்கேயும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பொள்ளாச்சிக்குப் பின் ஐந்தாண்டு கழித்து, அதே தொகை, அதே வகைத் தவறு. ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்ற பெயரில் ஒரு மாணவியின் அடையாளம் பறிபோகும்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மறைக்க வேண்டியதை மறைக்கத் தெரியாத அமைப்பு, திறக்க வேண்டியதையும் ஒழுங்காகத் திறக்காது.

இனி, சீலிட்ட கவர்.

செய்தித்தாளில் 'விசாரணை அறிக்கை சீலிட்ட கவரில் தாக்கல்' என்ற தலைப்பைப் பார்க்காத வாரம் குறைவு. வாசிப்பவருக்கு அது ஏதோ பெரிய, பொறுப்பான காரியம் போலத் தோன்றும். நடப்பது என்னவென்றால், ஒரு தரப்பு, பெரும்பாலும் அரசு, ஓர் ஆவணத்தை உறையிலிட்டு அரக்கு வைத்து நீதிபதியிடம் நீட்டுகிறது. எதிர்த்தரப்பு அதைப் பார்ப்பதில்லை. நீதிபதி படித்துவிட்டு மீண்டும் மூடச் சொல்கிறார். பிறகு அதை நம்பித் தீர்ப்பெழுதினால், தோற்றவருக்குத் தான் எதனால் தோற்றோம் என்பதே தெரியாது. உச்ச நீதிமன்ற விதிகள் 2013-ல் இரகசிய ஆவணங்களை உறையிலிட்டு வைக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அரசின் வெளியிடப்படாத ஆவணங்களுக்குச் சாட்சியச் சட்டம் ஒரு பாதுகாப்பு கொடுக்கிறது. அந்தச் சிறு வாசல் வழியே ஒரு பெரும் பழக்கம் உள்ளே வந்துவிட்டது.

கோவலன் கதையை நாம் அநீதியின் கதையாகத்தான் படிக்கிறோம். அதை விசாரணை முறையின் கதையாகவும் படிக்கலாம். ஊடிய தேவியின் அரண்மனைக்கு விரைந்துகொண்டிருந்த பாண்டியனிடம் பொற்கொல்லன் சொன்ன சொல்லைக் கோவலன் கேட்கவில்லை. அதற்கு மறுமொழி சொல்ல அவனுக்கு வாய்ப்பு வரவில்லை. கண்ணகி சிலம்பை அவை நடுவே, எல்லார் கண்முன்னும் உடைத்துக் காட்டிய பிறகுதான் உண்மை வெளிவந்தது. உள்ளே இருந்தவை முத்தல்ல, மாணிக்கம். ஒரு தரப்பு மட்டும் பேசினால் நேர்மையான அரசனும் தவறுவான் என்பதைத் தமிழர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் காலத்தில் அந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதை ரஃபேல் வழக்கு காட்டியது. போர் விமானங்களின் விலை விவரத்தை அரசு சீலிட்ட கவரில் கொடுத்தது. 2018 டிசம்பர் 14-ல் வந்த தீர்ப்பு, விலை விவரங்கள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் தரப்பட்டுவிட்டன, அவருடைய அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது என்று கூறியது. அப்படி ஓர் அறிக்கை அப்போது நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கவே இல்லை. 2019 பிப்ரவரியில்தான் வந்தது. தீர்ப்பு வந்த மறுநாளே அரசு திருத்தம் கேட்டு மனுப் போட்டது. குறிப்பில் நாங்கள் சொன்னது வழக்கமாகப் பின்பற்றப்படும் நடைமுறையை, நீதிமன்றம் அதை நடந்து முடிந்ததாகப் புரிந்துகொண்டது என்பது அரசின் விளக்கம். ஒரு வினைச்சொல்லின் காலம் மாறியதில் நாட்டின் மிகப் பெரிய ஆயுதக் கொள்முதல்களில் ஒன்றைப் பற்றிய தீர்ப்பில் பிழை ஏறிவிட்டது. அந்தக் குறிப்பின் ஒரு நகல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் இருந்திருந்தால், 'ஐயா, அப்படி ஓர் அறிக்கை வரவில்லையே' என்று வாதத்தின்போதே எழுந்து சொல்லியிருப்பார்.

அடுத்த ஆண்டு முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் ஜாமீன் வழக்கு. அமலாக்கத் துறை கொடுத்த சீலிட்ட ஆவணங்களின் அடிப்படையில் டெல்லி உயர் நீதிமன்றம் தன் முடிவுகளை எழுதியிருந்தது. 2019 டிசம்பர் 4-ல் அவருக்கு ஜாமீன் கொடுத்த உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு வழக்கிலும் அரசுத் தரப்பு இப்படி உறையில் காகிதம் கொடுக்க, குற்றம் நடந்துவிட்டது போல நீதிமன்றம் எழுதினால் நேர்மையான விசாரணை என்ற கருத்துக்கே அது எதிரானது என்று சொன்னது. அவருடைய அரசியலைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அவரைப் போல மூத்த வழக்கறிஞர்களை அமர்த்த முடியாத ஒருவரின் நிலையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்குச் சரியான அடி 2023 ஏப்ரல் 5-ல் விழுந்தது. கேரளத்தின் 'மீடியா ஒன்' தொலைக்காட்சிக்கு உரிமத்தைப் புதுப்பிக்க ஒன்றிய அரசு மறுத்திருந்தது. காரணம், உள்துறை பாதுகாப்பு அனுமதி தரவில்லை. ஏன் தரவில்லை என்று நிறுவனத்திடம் சொல்லவில்லை. கேரள உயர் நீதிமன்றத்திடம் உறையில் கொடுத்தார்கள். தனி நீதிபதியும் பிறகு இருவர் அமர்வும் உறையைப் பார்த்துத் தடையை உறுதிசெய்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி ஹிமா கோலியும் அதைப் பிரித்து, உள்ளே இருந்ததைத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். அந்தத் தொலைக்காட்சி அரசை விமர்சிக்கிறது என்பது போன்ற உளவுத் துறையின் குறிப்புகளும், அதன் பங்குதாரர்களுக்கு ஓர் அமைப்புடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டும்தான் அதில் இருந்தன. தேசப் பாதுகாப்பு என்று வெறுங்காற்றில் சொல்லிவிட முடியாது என்ற நீதிமன்றம், தடையை நீக்கியது. உறையைப் பிரிக்காமல் விட்டிருந்தால், உள்ளே நாட்டைக் காக்கும் பெரிய இரகசியம் இருந்தது என்றே நாம் எல்லாரும் இன்றுவரை நம்பிக்கொண்டிருப்போம்.

மெய்யாகவே மறைக்க வேண்டிய செய்தி இருந்தால் என்ன செய்வது? அதற்கும் அந்தத் தீர்ப்பு வழி சொல்லியது. பொதுநலன் கருதி ஆவணத்தை வெளியிட முடியாது என்று அரசு முறையாகக் கோர வேண்டும். நீதிமன்றம் தனக்குத் துணையாக ஒரு வழக்கறிஞரை நியமித்து அவரிடம் ஆவணத்தைக் காட்டும். ஆவணத்தைப் பார்க்கும் முன் அவர் எதிர்த்தரப்பிடம் பேசி அவர்கள் வாதத்தைத் தெரிந்துகொள்ளலாம். பார்த்த பிறகு பேச முடியாது. கோரிக்கையை ஏற்றாலும் மறுத்தாலும் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். முழுதாக மறைக்காமல் நுட்பமான வரிகளை மட்டும் கறுப்படித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம். இது குறையற்ற ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். தன் சார்பில் பேசுபவரிடம் தானே பேச முடியாத நிலை எந்த வழக்காளிக்கும் வேதனையானது. என்றாலும் யாருமே பேசாததைவிட இது மேல்.

அந்தத் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்னதாகத்தான், 2023 மார்ச்சில், முன்னாள் படைவீரர்களுக்கு ஒரே பதவி ஒரே ஓய்வூதிய நிலுவை கொடுப்பது பற்றிய குறிப்பை அட்டர்னி ஜெனரல் உறையில் நீட்டினார். தலைமை நீதிபதி வாங்க மறுத்துவிட்டார். நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுவதில் என்ன இரகசியம் இருக்க முடியும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி அது. ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் முதியவரிடமிருந்து அந்தத் தேதியை மறைப்பானேன்?

உறைகள் எவ்வளவு காலம் தூங்கும் என்பதற்கு, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க உதவிய தேர்தல் பத்திரங்களே சான்று. 2019 ஏப்ரல் 12-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, கட்சிகள் தங்களுக்கு வந்த பத்திரங்களின் விவரத்தைத் தேர்தல் ஆணையத்திடம் சீலிட்ட கவரில் கொடுக்கச் சொன்னது. கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அவை பிரிக்கப்படாமல் கிடந்தன; இடையில் பல சட்டமன்றத் தேர்தல்கள் நடந்து முடிந்தன. 2024 பிப்ரவரி 15-ல் அத்திட்டமே அரசமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பு வந்த பிறகு, மார்ச் 17-ல்தான் அந்த விவரங்களை ஆணையம் வெளியிட்டது. தி.மு.க., அ.தி.மு.க. உள்ளிட்ட சில கட்சிகள் மட்டுமே பணம் கொடுத்தவர் பெயரையும் எழுதியிருந்தன. தி.மு.க.வுக்கு வந்த 656 கோடி ரூபாயில் 509 கோடியை லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் கொடுத்திருந்தது. லாட்டரியைத் தடைசெய்திருக்கும் மாநிலத்தின் வாக்காளர் வாக்களிக்கும்போது அறிந்திருக்க வேண்டிய வகைச் செய்தி இது. எந்தக் கட்சிக்குச் சாதகம், பாதகம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தாமதமாக வரும் உண்மை, வர வேண்டிய நாளில் செய்திருக்கக்கூடிய வேலையைச் செய்வதில்லை.

எல்லா மறைப்புக் கோரிக்கைகளும் பலமுள்ளவர்களிடமிருந்து வருவதில்லை. மிகக் கடினமான கோரிக்கை, விடுதலை செய்யப்பட்ட மனிதரிடமிருந்து வருகிறது. கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 2014-ல் மதுரைக் கிளையால் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒருவர், தன் பெயரைத் தேடினால் இன்னும் அந்தத் தீர்ப்பு வந்து நிற்கிறது என்று முறையிட்டார். தீர்ப்பு அவரை விடுவித்திருந்தாலும், குற்றச்சாட்டும் பெயரும் முதல் பத்தியிலேயே இருக்கின்றன. வேலை கொடுப்பவரும் பெண் கொடுப்பவரும் கடைசிப் பத்தி வரை படிப்பதில்லை. 2021 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அவர்மேல் பரிவு இருந்தும், இதற்கென்று சட்டமோ தெளிவான அளவுகோலோ இல்லாமல் பெயரை நீக்க உத்தரவிட முடியாது என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இருவர் அமர்வு அவர் பக்கம் நின்று, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை வெளியிடும் 'இந்தியன் கானூன்' இணையதளம் அந்தத் தீர்ப்பை நீக்கவும் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கேரள உயர் நீதிமன்றமோ 2022 டிசம்பரிலேயே, நடந்துகொண்டிருக்கும் அல்லது அண்மையில் முடிந்த வழக்குகளில் மறக்கப்படும் உரிமையும் திறந்த நீதிமன்றமும் ஒருசேர நிற்க முடியாது என்று சொல்லியிருந்தது.

இதில் என் மனம் அந்த மனிதரின் பக்கமே சாய்கிறது, ஆனால் அவர் கேட்டதில் பாதிக்கு மட்டும். தீர்ப்பு இருக்க வேண்டும். ஒரு நிரபராதி எப்படிச் சிக்கினார், கீழ் நீதிமன்றம் எங்கே தவறியது என்பது எல்லாரும் படிக்க வேண்டியது. அதை நீக்கினால் நீதிமன்றத்தின் பிழையும் சேர்ந்து மறைந்துபோகும். பெயர் அப்படியல்ல. பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டால் சட்டத்துக்கு ஒரு குறையும் வராது. தேடுபொறி இல்லாத காலத்தில் தீர்ப்புத் தொகுதி நூலகத்தின் அலமாரியில் இருந்தது, தேவைப்பட்டவர் போய் எடுத்தார். இன்று அது பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியில் இருக்கிறது. ஆனால் இந்தச் சலுகையைப் பொதுப்பணத்தைக் கையாண்ட அதிகாரியும், மக்கள் வாக்கில் பதவிக்கு வந்தவரும் கேட்டால் மறுக்க வேண்டும். அதற்கான அளவுகோலை நாடாளுமன்றமோ உச்ச நீதிமன்றமோ எழுதும்வரை, ஒவ்வொரு நீதிபதியும் தன் மனச்சாட்சிப்படி ஒவ்வொன்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இதற்கிடையே கதவு ஒரு பக்கம் அகலமாகத் திறந்திருக்கிறது. நேரலை வேண்டும் என்று 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் அரசியல் சாசன அமர்வுகளை 2022 செப்டம்பர் 27 முதல் ஒளிபரப்பத் தொடங்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே யூடியூபில் வந்துவிட்டது. 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாய்தவறிச் சொன்னவை துண்டுக் காணொளிகளாகப் பரவியபோது நேரலையையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. இன்னும் வெளிச்சம் வேண்டுமே தவிர, வெளிச்சத்தை அணைப்பது வழியாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சொற்களை ஒரு நீதிபதி பேசினார் என்பது நமக்குத் தெரிந்ததே நேரலையால்தான்.

ஆனால் காதால் கேட்பது வேறு, காகிதத்தைக் கையில் வாங்குவது வேறு. வாதம் திறந்த நீதிமன்றத்தில் நடக்கிறது. அது எதை ஒட்டி நடக்கிறதோ அந்த மனுவும் பிரமாண வாக்குமூலமும் அலமாரிக்குள் இருக்கின்றன. 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம், வழக்கில் சம்பந்தப்படாதவர் நீதிமன்ற ஆவணங்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்க முடியாது, உயர் நீதிமன்ற விதிகளின்படி காரணம் காட்டித்தான் கேட்க வேண்டும் என்று தீர்த்துவிட்டது. 2023 ஜனவரியில், குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, அதை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னது. முதல் தகவல் அறிக்கை இணையத்தில் இருக்கும், தீர்ப்பும் இருக்கும். இடையில் நடந்தது என்ன என்பதை வழக்காடுபவரின் தயவில்தான் அறிய முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்கின் விசாரணையைப் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அதிகாரி ஒருவரின் பிரமாண வாக்குமூலத்தை வழக்கறிஞர் பத்தி பத்தியாக வாசித்து வாதாடினார். அதன் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டேன். வழக்குக்கும் மனுதாரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு முதல் முறை திருப்பினார்கள். காரணம் போதாது என்று இரண்டாம் முறை. மூன்றாம் முறை, 'விசாரணை நடந்த அன்று நீதிமன்றத்துக்குள் இருந்தேன், கேட்டதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதி, உறுதிமொழிப் பத்திரமும் இணைத்தேன். ஐந்து வாரம் கழித்து நகல் வந்தது. பதினொரு பக்கங்கள். வழக்கறிஞர் வாசிக்காமல் தாண்டிச் சென்றிருந்த நான்காம் பக்கத்தில்தான், அந்த ஏரியின் எல்லையை அளந்த தேதி இருந்தது.